புகார்ப் பெட்டியின் சாவி யாரிடம்? மதுரை வட்டார நூற்பாலை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை, திண்டுக்கல், விருதுநகர், தேனிப் பக்கத்து நூற்பாலைகளின் உரிமையாளர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் ஒருவரிடம் இருபத்தாறு வருடம் சம்பளம் வாங்கியவள் எழுதுகிறேன். எந்த ஆலை என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றவர்கள் எல்லோரும் 'நல்லவேளை, நம்ம இல்ல' என்று மடித்து வைத்துவிடுவீர்கள். பதவியின் பெயர் தொழிலாளர் நல அலுவலர். கேட்டில் 'லேபர் மேடம்'. நான் செய்த வேலையில் முக்கால்வாசி மெமோ எழுதுவது. மீதி, இன்ஸ்பெக்டர் வரும் நாளில் முதலுதவிப் பெட்டிக்குப் புதுப் பஞ்சு வாங்கி வைப்பது. பஞ்சாலையில் பஞ்சைக் கடையில் வாங்கினோமா என்று சிரிக்காதீர்கள், மருந்துப் பஞ்சு வேறு.

போன மாதம் திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது ஓர் ஆலை வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் பார்த்தேன். முதலாளியின் மகன் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் படித்து முடித்து வந்திருக்கிறாராம். கோட்டு போட்ட படம், இரண்டு பக்கமும் பூங்கொத்து. பிள்ளை நன்றாகப் படித்து ஊர் திரும்பியதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பெரியார் நிலையம் வந்து இறங்கும்வரை ஒரே கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. அவர் படித்த இடத்தைத் தொடக்க வருடங்களில் தோளில் தாங்கிய கமலா சௌத்ரியை அந்தத் தம்பிக்குத் தெரிந்திருக்குமா?

எனக்கே ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது. வேலையில் இருந்த காலத்தில் தெரிந்திருந்தால் சில இடங்களில் வாயைத் திறந்திருப்பேன். அதனால்தான் இந்த மடல்.

கமலா சௌத்ரி 1920-இல் லாகூரில் பிறந்தவர். சாந்திநிகேதனில் படித்திருக்கிறார். ஐ.சி.எஸ். அதிகாரி ஒருவரை மணந்தார். மணமாகிச் சில மாதங்களுக்குள்ளேயே கணவர் கொல்லப்பட்டார். அந்தக் காலத்தில், அந்த வயதில், ஒரு பெண்ணுக்கு இதற்கப்புறம் என்ன வழி விட்டுவைத்திருப்பார்கள் என்று நம் வீட்டுப் பாட்டிகளை வைத்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இவர் கப்பலேறி அமெரிக்கா போனார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சமூக உளவியலில் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு 1949-இல் திரும்பினார். நேராக வந்து சேர்ந்த இடம் துணி ஆலைகளின் ஊர், அகமதாபாத்.

அங்கே 'அடிரா' என்று ஓர் ஆராய்ச்சி நிலையம். அகமதாபாத் ஆலை முதலாளிகள் ஒன்றுகூடி 1947-இல் தொடங்கியது. முன்னின்று நடத்தியவர் விக்ரம் சாராபாய். பிறகு ராக்கெட் விட்டவர் என்றுதான் நமக்கு அவரைத் தெரியும். அதற்கு முன்னால் அவர் நூலைப் பார்த்தவர். அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. இழையின் பலத்தைச் சோதிக்க, சாயத்தைச் சோதிக்க ஆட்களை எடுத்த கையோடு மனிதர்களைப் பார்க்கவும் ஆள் வேண்டும் என்று நினைத்தாரே, அதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். அந்தப் பிரிவைக் கட்டி எழுப்பியவர் கமலா. ஆலைக்குள் போய் நெசவாளியிடமும் மேஸ்திரியிடமும் பேசி, எது அவர்களை உறுத்துகிறது, எது வேலையை ஓட்டுகிறது என்று எழுதுவது ஒரு விஞ்ஞான வேலை என்று சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்ட நிலையம் அது. சம்பளம் முதலாளிகளின் சந்தாவிலிருந்தும் போனது.

நமக்கும் இது புதிதல்ல. கோயம்புத்தூரில் 'சிட்ரா' என்கிற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிலையம் 1956-இல் வந்தது. பஞ்சின் நீளத்தையும் நுண்மையையும் அளக்க, நூலின் சீரைப் பார்க்க அங்கே மாதிரி அனுப்புகிறோம். ஒரு பேல் பஞ்சு சரியில்லை என்றால் அன்றைக்கே நமக்குத் தெரிந்துவிடும். நூல் நூற்கிற மெஷினான ரிங் ஃபிரேமில் நிற்கிற பெண்ணுக்கு ஏதோ சரியில்லை என்பது அவள் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதுதான் தெரிகிறது. அப்போதும் நாம் சொல்வது, "இப்பல்லாம் ஆள் நிக்க மாட்டேங்குது."

கமலாவின் ஆராய்ச்சிகளில் ஒன்றைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மிச்சிகனில் தன் பேராசிரியர் நியூகம்புடன் சேர்ந்து செய்தது, 1952-இல் வெளிவந்தது. நான்கு மாணவர் குழுக்களை எடுத்துக்கொண்டார்கள். மத ஈடுபாட்டில் சேர்ந்த குழு ஒன்று, அரசியல் குழு ஒன்று, மருத்துவ மாணவர், மாணவியர் குழுக்கள் இரண்டு. குழுவில் யார் தலைவர் என்பதை வெளியிலிருந்து யாரும் முடிவு செய்யவில்லை. குழுவிலிருப்பவர்களே எழுதிக் கொடுத்தார்கள். பிறகு ஒவ்வொருவரிடமும் சில விஷயங்களைப் பற்றி 'உன் கருத்து என்ன' என்று கேட்டார்கள். அதோடு விடவில்லை. 'உன் குழுவில் மற்றவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று நினைக்கிறாய்' என்றும் கேட்டார்கள். இரண்டையும் ஒப்பிட்டால், யார் தன் கூட்டத்தின் மனதைச் சரியாக அறிந்திருக்கிறார் என்று தெரிந்துவிடுமல்லவா? கூட்டம் எதற்காகக் கூடியதோ அந்த விஷயத்தில், அவர்களே தலைவர் என்று குறித்தவர்களின் கணிப்பு மற்றவர்களுடையதைவிடச் சரியாக இருந்தது. குழுவுக்குச் சம்பந்தமில்லாத விஷயங்களில் அந்தத் தலைவர்களுக்குத் தனிச் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. அங்கே அவர்களும் எல்லோரையும் போலத்தான்.

இதைப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். நம் ஆலைகளில் இதை நடத்திப் பார்த்தால் என்ன ஆகும்? முதலாளியையும் மில் மேனேஜரையும் சூப்பர்வைசரையும் உட்காரவைத்து, 'நூலைக் கூம்பில் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் இருக்கிற பெண்கள் முழு நைட் ஷிப்டைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்' என்று எழுதச் சொன்னால்? சூப்பர்வைசர் ஓரளவு தேறுவார். மேனேஜர் 'பழகிவிட்டது' என்று எழுதுவார். முதலாளி ஐயா, தப்பாக நினைக்காதீர்கள், நீங்கள் பக்கத்துத் தாளை எட்டிப் பார்ப்பீர்கள்.

எங்கள் ஆலையில் கேன்டீன் வாசலில் ஒரு புகார்ப் பெட்டி இருந்தது. சிவப்புப் பெயின்ட், சின்னப் பூட்டு. சாவி மில் மேனேஜர் மேஜை டிராயரில். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைத் திறக்கச் சொல்லிக் கேட்டுக்கேட்டு ஒருநாள் திறந்தார்கள். உள்ளே நாலைந்து பஸ் டிக்கெட், பாக்குப் பொட்டலம், ஒரே ஒரு துண்டுத் தாள். பென்சிலில் எழுதியிருந்தது: 'பெண்கள் கக்கூசில் நாலாவது கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.' மேனேஜர் அதை வாங்கிப் பார்த்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பிறகு கேட்டார், "இது யார் கையெழுத்து?"

அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் பஸ் டிக்கெட்டும் விழவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. நூல் தெரிந்தவர், மெஷின் தெரிந்தவர், மேலே கொடுக்க வேண்டிய கணக்கு அவர் கழுத்தில் இருந்தது. ஒரு ஃபிரேம் நின்றால் அவருக்குத் தூக்கம் வராது. அந்தத் தாளைப் பார்த்ததும் அவருக்குத் தோன்றியது, தனக்குத் தெரியாமல் யாரோ தன்மேல் புகார் எழுதிவிட்டார்கள் என்பதுதான். நானும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். புரொபேஷன் காலம்.

1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம் போடும்போதே 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் நல அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். 250 பேருக்கு மேல் என்றால் கேன்டீன், 50 பெண்களுக்கு மேல் என்றால் குழந்தைகள் காப்பகம் என்று எண்ணி எண்ணி வைத்தார்கள். அந்த 50-ஐ 1976-இல் 30 ஆக்கினார்கள். 2013-இல் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்து, 10 பேர் இருந்தாலே உள் புகார்க் குழு வேண்டும் என்றது. எல்லாம் இருக்கிறது. குழு உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலை ஆங்கிலத்தில் டைப் செய்து டைம் ஆபீஸ் சுவரில் ஒட்டியவள் நானே. எழுமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை அதை 'லீவு லிஸ்ட்' என்று நினைத்துக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னாள். ஆக, ஆள் இல்லாமல் போகவில்லை. அந்த ஆள் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதில்தான் சிக்கல். மெமோ கொடுக்கிற கையும் கண்ணீரைத் துடைக்கிற கையும் ஒன்றாக இருந்தால் எவள் வந்து பேசுவாள்?

இன்னொன்று சொல்ல வேண்டும், அது சித்திரைத் திருவிழா.

உங்களில் பலருக்கு அழகர் வருகிற வழியில் மண்டகப்படி உண்டு. நீர்மோர், பானகம், புளியோதரை. பந்தலில் உங்கள் அப்பாவின் படம். அழகர் அங்கே நின்று போகிறார். அதே நாளில் ஆலையில் ஆள் இல்லாமல் மெஷின் நிற்கிறது. மறுநாள் காலையில் எனக்கு வேலை: வராதவர்களுக்கெல்லாம் மெமோ. ஒரு வருடம் மெமோ வாங்கிக்கொண்டே, ரிங் ஃபிரேம் பார்க்கிற ஒரு வயதான சைடர் அம்மா கேட்டார், "ஏம்மா, நம்ம மொதலாளி மண்டகப்படியிலதானே நின்னு கும்பிட்டேன், அதுக்குமா மெமோ?" எனக்குப் பதில் தெரியவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

அடுத்த வருடம் மேனேஜர் ஒரு மாத மருத்துவ விடுப்பில் போனார். துணை மேனேஜர் கொஞ்சம் இளகிய மனசுக்காரர். அவரிடம் அனுமதி வாங்கி, ஸ்பின்னிங் பெண்களைக் கேன்டீனில் உட்காரவைத்து, "நீங்களே சொல்லுங்க, யாருக்கு எந்த நாள் வேணும்" என்று கேட்டேன். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்குத்தான் எல்லோரும் கேட்பார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். இல்லை. மேலூர், அழகர்கோயில் பக்கத்துப் பெண்களுக்கு, அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவைதான் முக்கியம். வண்டியூர்ப் பெண்களுக்கு அழகர் அங்கே வருகிற நாளில் வீட்டில் விருந்தாளி நிறைந்துவிடும், அன்றைக்கு லீவு வேண்டும். சிலருக்குத் திருக்கல்யாணம், தாலிக்கயிறு மாற்ற வேண்டும். பள்ளிவாசல் தெருப் பெண் ஒருத்தி, "எனக்கு இப்ப வேணாம் மேடம், ரம்சானுக்கு எனக்காக நில்லுங்க" என்றாள். அரை மணி நேரத்தில் ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் பட்டியல் தயார். யார் யாருக்குப் பதிலாக நிற்பது என்பதையும் அவர்களே எழுதினார்கள். அந்தத் திருவிழாவில் ஒரு ஃபிரேம்கூட ஆள் இல்லாமல் நிற்கவில்லை. நான் ஒரு மெமோவும் எழுதவில்லை.

மேனேஜர் திரும்பி வந்தார். "ஷிப்ட் போடுறது அவங்க வேலையா?" என்று கேட்டார். அடுத்த சித்திரையில் மறுபடியும் மெமோ.

இப்போது அகமதாபாத்துக்கு வாருங்கள். 1953-இல் சாராபாய் குடும்பத்தின் காலிகோ மில்லில் தானியங்கித் தறிகள் புதிதாக வந்திருந்தன. புதுத் தறி, நல்ல தறி, ஆனால் எதிர்பார்த்த துணி வரவில்லை. மனித உறவுகளை ஆராய்கிற லண்டன் டாவிஸ்டாக் நிலையத்திலிருந்து ஏ.கே. ரைஸ் என்பவரை அழைத்திருந்தார்கள். அவர் பார்த்தது இதுதான்: ஒரு கூடத்தில் இருநூறுக்கு மேல் தறி. 29 பேர் வேலை செய்கிறார்கள். அந்த 29 பேருக்குள் 12 விதமான வேலை. ஒருவர் எல்லாத் தறிக்கும் ஒரு வேலை, இன்னொருவர் பாதித் தறிக்கு இன்னொரு வேலை. யார் யாரோடு சேர்ந்தவர் என்றே தெரியாது. தறியைச் சில சில தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு சின்னக் குழு முழுக்கப் பார்த்துக்கொண்டால் என்ன என்று ஒரு யோசனை சொன்னார். தொழிலாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, யாரோடு யார் என்று தாங்களே குழு பிரித்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் தடுமாற்றம் இருந்தது, பிறகு நிலைத்தது. துணியும் கூடியது, சேதமும் குறைந்தது. இதைப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு அந்தக் காலண்டர்த் தாள் ஞாபகம் வந்தது. நான் என்னவோ புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்!

கமலாவும் இதே ஊரில் இதே நூலைத்தான் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ஆலைகளை ஒப்பிட்டு, உற்பத்தித் திட்டம் போடுகிற விதத்துக்கும் தொழிலாளர்களின் மனநிலைக்கும் என்ன தொடர்பு என்று சக ஆய்வாளர் ஒருவருடன் எழுதியிருக்கிறார். உங்களுக்குப் புரியும்படி சொன்னால் கவுண்ட் சேஞ்ச், அதாவது நூலின் நுண்மை எண்ணை மாற்றுவது. நாற்பது ஓடிக்கொண்டிருக்கும்போதே மார்க்கெட் அறுபதுக்குத் தாவினால் மெஷினை மாற்றுகிறீர்கள். மாற்றத்தை ஆபீசில் எல்லோருக்கும் சொல்கிறீர்கள். அந்த ஃபிரேமில் நிற்கிறவளுக்குத் தெரிவது இழை அறுகிற வேகத்தில்தான். ஒரு வரிசைக்கு ஓடி அறுந்ததைப் பிடித்து ஒட்டுவதற்குள் அடுத்த வரிசையில் நாலு அறுந்திருக்கும். அன்றைக்கு அவள் யாரிடமாவது எரிந்து விழுவாள். அதற்கும் மெமோ.

அகமதாபாத் ஐ.ஐ.எம். 1961 டிசம்பரில் தொடங்கியது. கட்டடம் எல்லாம் பிறகுதான். சாராபாய் கௌரவ இயக்குநர், அவருக்கு ஆயிரம் வேலை. தொடக்க வருடங்களில் அன்றாடப் பாரத்தின் பெரும் பங்கு கமலாவின் தோளில் இருந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தோடு இருந்த உறவைப் பேணியது, ஆசிரியர்களைத் தேர்ந்து சேர்த்தது, மேலாளர்களுக்கான பயிற்சித் திட்டங்களை ஓட்டியது எல்லாவற்றிலும் அவர் கை இருக்கிறது. 1964-இல் முதல் மாணவர் அணி உள்ளே வந்தது. 1965-இல் ரவி மத்தாய் முழுநேர இயக்குநரானார். மத்தாய் பெரிய மனிதர், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்த நாற்காலியில் கமலாவை ஏன் உட்காரவைக்கவில்லை என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. பெண், அதுவும் நாற்பத்தைந்து வயதில், தனியாள். காரணம் எனக்கு ஊகம்தான், விடுங்கள்.

அவர் அங்கிருந்து விலகியபின் ஃபோர்டு அறக்கட்டளையின் ஆலோசகராக டெல்லி போனார். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த கட்டம். 1985-இல் தேசியத் தரிசு நில மேம்பாட்டு வாரியம் என்று ஒன்றை மத்திய அரசு அமைத்து, அதன் தலைவராக அவரைப் போட்டது. வருடத்துக்கு 50 லட்சம் ஹெக்டேரில் மரம் வளர்க்க வேண்டும் என்பது இலக்கு. ஆலையில் நெசவாளியிடம் பேசப் போனவர் இப்போது ஊர் ஊராகப் புறம்போக்கைப் பார்க்கப் போனார். ஆலையோ காடோ, அங்கே இருப்பவரிடம் முதலில் கேட்க வேண்டும் என்பது அவருக்கு மாறவில்லை. அந்த ஊர்ப் பெண் விறகுக்கு என்ன செய்கிறாள், ஆடு எங்கே மேய்கிறது என்று கேட்காமல் கன்று நட்டால் என்ன ஆகும் என்று நமக்கும் தெரியும். ஒவ்வொரு ஜூன் மாதமும் எங்கள் ஆலை பக்கத்துக் கண்மாய்க் கரையில் மரம் நடும் விழா நடத்தும். போட்டோ எடுக்கும்போது கவனித்திருக்கிறேன், போன வருடம் தோண்டிய அதே குழிகள்தான். கன்று மட்டும் புதுசு.

2006-இல் அவர் காலமானார்.

கொடை என்றால் நமக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது கல்வெட்டு. குறை சொல்லவில்லை. மதுரை கொடையால் வளர்ந்த ஊர். ஆலை நடத்திய கருமுத்து தியாகராசர் 1949-இல் கல்லூரியும், 1957-இல் பொறியியல் கல்லூரியும் தந்திராவிட்டால் என் தம்பியைப் போல எத்தனை மில் தொழிலாளி மகன்கள் சைடராகவே போயிருப்பார்கள். ஆனால் கமலா கொடுத்தது வேறு வகை. அவர் கையில் சொந்த ஆலையோ பெட்டி நிறையப் பணமோ இல்லை. மற்றவர்களின் பணம் எங்கே போனால் மனிதருக்குப் பயன்படும் என்று வழிகாட்டினார். தன் படிப்பையும் நேரத்தையும் கொடுத்தார். அதையும் கொடை என்றுதான் நான் சொல்வேன்.

ஆள் நிற்பதில்லை என்கிறீர்களே, அதற்கு இந்த ஊரிலேயே ஒரு பதில் இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே கண்ணைப் பரிசோதிப்பது, நோயாளியைத் தயார் செய்வது, அறுவை மேஜையில் டாக்டருக்குக் கை கொடுப்பது எல்லாம் பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். பள்ளிப் படிப்போடு வந்தவர்கள். இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து உருவாக்குகிறார்கள். ஒரு டாக்டர் அடுத்தடுத்த மேஜையில் மாறி மாறிச் செய்ய முடிகிறதென்றால் அந்தப் பெண்களால்தான். அந்தப் பெண்களும் உங்கள் ஹாஸ்டலுக்கு வருகிறவர்களும் அதே பேரையூர், அதே உசிலம்பட்டி, அதே நத்தம். ஒரே வீட்டில் அக்கா அங்கே, தங்கை இங்கே என்றுகூடப் பார்த்திருக்கிறேன். அக்கா நிற்கிறாள், தங்கை நிற்கவில்லை. தங்கையிடம் நான் கேட்டேன். சம்பளத்தைச் சொல்வாள் என்று நினைத்தேன். "அங்க அக்காட்ட வேலையப் பத்திக் கேக்குறாங்க மேடம். இங்க எங்கிட்ட ஆதார் கார்டத்தான் கேட்டாங்க" என்றாள்.

என் அப்பாவும் மில்காரர்தான். எங்கள் வீடு பொன்னகரம். சங்கு ஊதும் நேரத்தை வைத்துத்தான் அம்மா உலை வைப்பார். முப்பது வருடம் ரிங் ஃபிரேம் சத்தத்தில் நின்று அப்பாவுக்குக் காது போயிற்று. வீட்டில் எங்களைக் கூப்பிடவும் கையைத்தான் ஆட்டுவார், ஆலைக்குள் பேசுகிற அதே சைகை. ஷிப்ட் முடிந்து வந்ததும் ஒரு துண்டு வெல்லம் வாயில் போட்டுக்கொள்வார், தூசியை இறக்கும் என்று. அது இறக்கியதா என்று நுரையீரலுக்குத்தான் தெரியும். சங்கத்தில் ஈடுபாடு உண்டு. யானைக்கல்லில் ஜார்ஜ் ஜோசப் சிலையைத் தாண்டும்போது, மதுரை மில் தொழிலாளிக்குச் சங்கம் அமைக்க நின்ற ரோசாப்பூ துரை இவர்தான் என்று ஒவ்வொரு தடவையும் காட்டுவார். அவர் மகள் நிர்வாகப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்ததில் அவருக்குப் பெருமையா வருத்தமா என்று கடைசிவரை சொல்லவில்லை. ஒருமுறை மட்டும் கேட்டார், "உங்கிட்ட யாராச்சும் வந்து பேசுறாங்களாத்தா?" மெமோ வாங்க வருவார்கள் என்று சைகையில் சொன்னேன். சிரித்தார்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

பத்து ஆலைகள் சேருங்கள். பஞ்சைச் சோதிக்கச் சந்தா கட்டுகிற மாதிரி இதற்கும் ஒரு சந்தா. அதில் உளவியலோ சமூகப்பணியோ படித்த இரண்டு மூன்று பெண்களை வையுங்கள். மதுரையிலேயே எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு வேலை தேடுகிற பிள்ளைகள் நிறையப் பேர். அவர்கள் எந்த ஒரு ஆலையின் மேனேஜருக்கும் கட்டுப்பட்டவர்களாக இருக்கக் கூடாது. வாரத்துக்கு ஒருநாள் ஒவ்வோர் ஆலைக்கும் வரட்டும், ஹாஸ்டலில் உட்காரட்டும், பேசட்டும். யார் என்ன சொன்னார் என்பது அவர்கள் நோட்டை விட்டு வெளியே வரக் கூடாது. என்ன பிரச்சினை என்பது மட்டும் உங்கள் மேஜைக்கு நேராக வர வேண்டும். தொழிற்சங்கம் இருக்கிற இடத்தில் அவர்களுக்கும் ஒரு பிரதி. இது சங்கத்துக்கு மாற்று என்று யாராவது உங்களுக்கு யோசனை சொன்னால் நம்பாதீர்கள். கூலி உயர்வை உளவியல் படித்த பெண் வாங்கித் தர முடியாது, அது அவள் வேலையும் அல்ல. திண்டுக்கல்லில் ஓர் ஆடை ஆலையில் நடந்த கொடுமைக்குப் பிறகுதான் 2022-இல் சங்கமும் நிறுவனமும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட வேண்டிவந்தது. பெண்கள் பயமில்லாமல் புகார் சொல்ல வழி வேண்டும் என்பது அதன் மையம். அப்படி ஒரு வழி முன்பே இருந்திருக்க வேண்டாமா?

செலவைக் கேட்பீர்கள். ஒரு மண்டகப்படிப் பந்தலின் லைட் செலவுக்குள் ஒருத்தியின் சில மாதச் சம்பளம் அடங்கும். மண்டகப்படியை நிறுத்தச் சொல்லவில்லை, அழகர் என்மேல் கோபித்துக்கொள்வார். பந்தலில் ஒரு வளைவைக் குறைத்தால் போதும்.

ஃபிளெக்ஸில் பார்த்த தம்பிக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் படித்துவிட்டு வந்த இடத்தில் தூண்களுக்குக் கீழே ஒரு பெண்ணின் உழைப்பு இருக்கிறது. அவர் பாடத்தைத் துணி ஆலையில்தான் கற்றார். அப்பாவிடம் சொல்லி ஒரு வாரம் கோன் வைண்டிங்கில் போய் நில்லுங்கள். உங்களுக்கு அவர்கள் நாற்காலி கொண்டுவந்து போடுவார்கள், உட்காராதீர்கள். முதல் நாள் யாரும் பேச மாட்டார்கள். இரண்டாம் நாளும் பேச மாட்டார்கள்.

நானும் வருகிறேன். எந்த ஆலை கூப்பிட்டாலும் போக வரப் பஸ் காசு கொடுத்தால் போதும். முழு நைட் முடிந்து வெளியே வருகிற நேரத்தில், கேன்டீனில், டீயோடு அரை மணி நேரம் கொடுங்கள். சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. கொஞ்ச நாளில் அடுத்த சித்திரைக்கு ஷிப்ட் போட வேண்டிவரும், அதிலிருந்தே தொடங்கலாம். பழைய காலண்டர் நானே கொண்டுவருகிறேன்.

நாலாவது கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாயிற்று. அந்தச் சீட்டு வந்த மறு வாரம், என் கைக்காசில், ஸ்டோர் கீப்பரைத் தாஜா செய்து போட்டேன். எழுதியது யார் என்று இன்றுவரை எனக்கும் தெரியாது.

இப்படிக்கு,
பழைய லேபர் மேடம்,
பொன்னகரம், மதுரை